எழுத்தாளருக்கு ஒரு மின்மடல்: நாற்பது பேரிலிருந்து தொடங்குவது எப்படி?

போன வருடம் ஒரு நண்பரின் முதல் நாவல் வந்தது. சமூக ஊடகத்தில் அவரைத் தொடர்கிறவர்கள் நாலாயிரத்துச் சொச்சம் பேர். அட்டைப்படத்தைப் போட்டார், லைக்குகள் விழுந்தன, வாழ்த்துகள் குவிந்தன. இரண்டு மாதம் கழித்து ஒரு கூட்டத்தில், அவர் கதைகளை ஒன்று விடாமல் படிக்கிற வாசகர் ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு "நாவல் எப்ப சார் வரும்?" என்று கேட்டிருக்கிறார். மனிதர் நொந்துபோய் எனக்கு போன் பண்ணினார். "நாலாயிரம் பேர்னு நெனச்சிட்டு இருந்தேன்யா, வாங்கணும்னு காத்துட்டு இருந்த ஆளுக்கே சேதி போகல."

போகாது. நாம் போடுகிற பதிவை யாருக்குக் காட்டுவது, எத்தனை பேருக்குக் காட்டுவது என்பதையெல்லாம் அந்தந்தத் தளத்தின் கணக்கு முடிவு செய்கிறது, நம் கையில் எதுவும் இல்லை. அந்தத் தளத்தில் நம் கணக்கு முடங்கினால் நாலாயிரம் பேரும் போச்சு. அவர்களில் ஒருவரைக்கூட வேறு வழியில் கூப்பிட நம்மிடம் ஒரு துண்டுச்சீட்டு கிடையாது. அந்தத் துண்டுச்சீட்டுதான் மின்மடல் பட்டியல். "நீங்கள் எழுதினால் எனக்கு அனுப்புங்கள்" என்று தாங்களாகவே மெயில் முகவரியைக் கொடுத்தவர்களுக்கு எழுத்தாளர் அவ்வப்போது எழுதுகிற கடிதம், அவ்வளவுதான். நியூஸ்லெட்டர் என்று பெயர் இருப்பதால் செய்தி அறிக்கை மாதிரி எதையோ தயாரிக்க வேண்டும் என்று பலர் பயப்படுகிறார்கள், வேண்டியதில்லை.

நமக்கு இது ஒன்றும் புதுசும் இல்லை. 1959-இல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கியபோது சந்தாதாரர்களை நம்பித்தான் இறங்கினார். தமிழில் சிற்றிதழ் நடத்திய எல்லோர் வீட்டிலும் ஒரு சந்தா நோட்டு இருந்திருக்கும்: பெயர், ஊர், எந்த மாதம் வரை பணம் வந்திருக்கிறது. மின்மடல் பட்டியல் அந்த நோட்டின் பேரன். தபால் செலவு இல்லை, அச்சுச் செலவு இல்லை, ஆனால் வேலை அதே வேலைதான்.

சரி, என்னென்ன வேண்டும்?

வாசகர் சேர்வதற்கு ஒரு படிவம், முகவரிகளை வைத்துக்கொள்ள ஒரு பட்டியல், எல்லோருக்கும் தனித்தனியாக அனுப்ப ஒரு சேவை. மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும். சப்ஸ்டாக், மெயில்சிம்ப், கிட், பட்டன்டவுன், கோஸ்ட் என்று நிறைய இருக்கின்றன. முதல்முறை செய்கிறவர் எதை எடுப்பது என்று மூன்று வாரம் ஆராய்ச்சி பண்ணுவதைப் பார்த்திருக்கிறேன், அந்த மூன்று வாரத்தில் இரண்டு கதை எழுதியிருக்கலாம். சப்ஸ்டாக்கில் இலவச மடலுக்குக் காசு கிடையாது, கட்டணச் சந்தா வைத்தால்தான் அதில் பத்து சதவீதம் எடுத்துக்கொள்வார்கள். மெயில்சிம்பில் ஒரு காலத்தில் 2,000 முகவரிகள் வரை இலவசமாக இருந்தது, பிற்பாடு அதை நன்றாகக் குறைத்துவிட்டார்கள். இலவசம் என்பது எப்போது வேண்டுமானாலும் மாறும் என்பதால் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: பட்டியலை முழுசாகக் கோப்பாக இறக்கி எடுத்துக்கொள்ளும் வசதி இருக்கிறதா? இருந்தால் போதும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கே வேறு வீடு போகலாம். கட்டணச் சந்தாவைப் பற்றி முதல் வருடம் யோசிக்கவே வேண்டாம் என்பது என் கட்சி.

"ஜிமெயிலிலேயே அனுப்பினால் என்ன?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். என் முதல் மடலை அறுபது பேருக்கு அனுப்பும்போது எல்லா முகவரிகளையும் மறைமுகப் பெட்டியில் (பிசிசி, ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாது) போடாமல், பெறுநர் பெட்டியிலேயே போட்டுத் தொலைத்தேன். அறுபது பேருக்கும் அறுபது பேருடைய முகவரியும் தெரிந்தது. ஒருவர் எல்லோருக்கும் சேர்த்து "நன்று" என்று பதில் போட்டார். இன்னொருவர் தன் கவிதை நூல் வெளியீட்டு அழைப்பிதழை எல்லோருக்கும் தட்டிவிட்டார். மூன்றாவது ஆள், பாவம், "என்னை இதிலிருந்து எடுத்துவிடுங்கள்" என்று அந்த அறுபது பேரிடமும் கெஞ்சினார். அன்று மாலை உட்கார்ந்து அத்தனை பேரிடமும் மன்னிப்புக் கேட்டேன், இந்த முறை ஒவ்வொருவராக. இது என் அவசரப் புத்திக்குக் கிடைத்த தண்டனை, ஆனால் கவனமாக இருந்தாலும் ஜிமெயிலில் பல சிக்கல்கள் உண்டு. இலவசக் கணக்கிலிருந்து ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது, விலக நினைக்கிறவருக்கு அதற்கான பொத்தான் இருக்காது, யாருடைய முகவரி செத்துப்போய்விட்டது என்பதையும் நீங்களேதான் குறித்து வைக்க வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம். வணிக நோக்கில் மெயில் அனுப்புகிறவர் தபால் முகவரியையும் அடியில் போட வேண்டும் என்று அமெரிக்காவில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. சேவைகள் பெரும்பாலும் அமெரிக்கக் கம்பெனிகள் என்பதால் உங்களிடமும் முகவரி கேட்கும். யோசிக்காமல் வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டு, பிறகு ஒவ்வொரு மடலின் அடியிலும் கதவு எண்ணோடு அது வருவதைப் பார்த்துத் திடுக்கிடாதீர்கள். தபால்பெட்டி எண் வாங்கலாம், பதிப்பாளர் சம்மதித்தால் அவர் முகவரியைப் போடலாம், சில சேவைகள் தங்கள் முகவரியையே போட்டுக்கொள்ளும்.

ஆட்கள் எங்கிருந்து வருவார்கள்?

புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலிருந்து. நான் பார்த்தவரை இதைவிட நல்ல இடம் கிடையாது. ராத்திரி ஒரு மணிக்கு ஒருவர் உங்கள் நாவலை முடிக்கிறார், கடைசி வரி இன்னும் தொண்டையில் இருக்கிறது, பக்கத்தைத் திருப்புகிறார். அங்கே பதிப்பகத்தின் விலைப்பட்டியல் இருக்கிறது! அந்த இடத்தில் நான்கு வரி போதும்: "இந்த நாவலில் வராமல் போன ஓர் அத்தியாயம் இருக்கிறது. படிக்க விருப்பமிருந்தால் கீழே உள்ள கட்டத்தை போனில் ஸ்கேன் செய்து மெயில் முகவரியைக் கொடுங்கள், அனுப்புகிறேன்." கீழே ஒரு க்யூஆர் கோடு. மின்னூல் என்றால் வெறும் லிங்க். அச்சுக்குப் போகுமுன் அந்தக் கோடை மூன்று விதமான போனில் சோதித்துப் பாருங்கள், ஆயிரம் பிரதி அடித்த பிறகு அதில் பிழை திருத்தம் கிடையாது. அது போய்ச் சேரும் பக்கமும் உங்கள் சொந்தத் தளத்தின் பக்கமாக இருப்பது நல்லது. நாளைக்கு மடல் சேவையை மாற்றினாலும், அச்சில் ஏறிய கோடு செல்லாக்காசு ஆகாது.

வராமல் போன அத்தியாயம், ஒரு சிறுகதை, நாவலில் வரும் ஊரின் கைவரைபடம், எதுவாகவும் இருக்கலாம். முகவரி கொடுக்கிறவருக்குக் கைமாறாக ஏதாவது ஒன்று. ஆனால் அது உங்கள் எழுத்தாகவே இருக்கட்டும். "சேர்கிறவர்களில் ஒருவருக்கு டேப்லெட் பரிசு" என்று அறிவித்தால் கூட்டம் வரும், டேப்லெட்டுக்காக.

அடுத்தது புத்தகக் காட்சி. சென்னையில் ஜனவரியில் நந்தனத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போடும்போது பக்கத்தில் ஒரு கோடு போட்ட நோட்டை வைத்தேன். நிறையப் பேர் எழுதிக்கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து தட்டச்சு செய்தால் பாதி புரியவில்லை. ஆங்கிலக் கையெழுத்தில் ஒன்பதும் ஜி எழுத்தும் ஒரே மாதிரி, ஒன்றும் எல் எழுத்தும் ஒரே மாதிரி. ஒருத்தர் முகவரிக்கு நான்கு விதமாக அனுப்பிப் பார்த்தேன், நான்கும் சுவரில் அடித்த பந்து. அடுத்த வருடம் நோட்டுக்குப் பதில் மேஜைமேல் க்யூஆர் கோடு ஒட்டிய அட்டை. வயதானவர்களுக்கு மட்டும் நோட்டு, அதுவும் எழுதியதை அவர்கள் முன்னாலேயே ஒருமுறை வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டு.

இங்கே ஒரு எச்சரிக்கை. பதிப்பாளரிடம் ஆர்டர் போட்டவர்களின் முகவரி கிடைக்கிறதே, அதைச் சேர்த்துக்கொள்ளலாமா? கூடாது. புத்தகம் வாங்கியவர் புத்தகம் வந்து சேர்வதற்காக முகவரி கொடுத்தார், உங்கள் கடிதத்துக்காக அல்ல. இந்தியாவில் 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் எதற்காகக் கேட்டு வாங்கினோமோ அதற்குத்தான் பயன்படுத்த வேண்டும் என்ற திசையில்தான் போகிறது. சட்டத்தை விடுங்கள், கேட்காதவருக்கு அனுப்பினால் அவர் ஸ்பேம், அதாவது குப்பை மெயில், என்று ஒரு தட்டு தட்டுவார், அதன் விளைவு சேர விரும்பியவர்களுக்கும் மடல் போகாமல் போவது. மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாகூவும் விதிகளை இறுக்கிவிட்டன. ஆயிரம் பேரில் மூன்று பேர் ஸ்பேம் என்று சொல்கிற அளவுக்குப் போனாலே உங்கள் பெயர் கெட்டுப்போகும். மூன்று பேர்! முகவரிகளை விலைக்கு வாங்குவது பற்றிப் பேசவே வேண்டாம்.

இதனால்தான் படிவத்தில் முகவரி கொடுத்தவருக்கு "நீங்கள்தானா?" என்று ஒரு மெயில் போய், அவர் அதில் உள்ள லிங்கைத் தட்டிய பிறகே பட்டியலில் சேர்க்கும் வசதி இருக்கிறது. சிலர் அந்த இரண்டாவது படியில் நழுவிவிடுவார்கள், பரவாயில்லை. தட்டுகிறவர் நிஜமாகவே இருக்கிறார், நிஜமாகவே விரும்புகிறார்.

முதல் கடிதம்

ஒருவர் சேர்ந்ததும் தானாகவே போகிற வரவேற்பு மடலை ஒருமுறை எழுதி வைத்துவிடலாம். நீங்கள் யார் என்று அவருக்கு ஞாபகம் இருக்கும்போதே போகிற கடிதம் என்பதால் மற்ற எதையும்விட இதைத்தான் அதிகம் பேர் திறப்பார்கள். பல சேவைகளில் இது "சந்தா உறுதியானது" என்று தொலைபேசிக் கம்பெனி குறுஞ்செய்தி மாதிரி வரும். அதை அழித்துவிட்டு உங்கள் குரலில் எழுதுங்கள். என்னுடையது இப்படி:

"வணக்கம். சேர்ந்ததற்கு நன்றி. மாதம் ஒருமுறை, முதல் ஞாயிறு காலை எழுதுவேன். எழுதிக்கொண்டிருக்கும் கதை, படித்த ஒரு புத்தகம், சில சமயம் எங்கள் தெரு. நீங்கள் கேட்ட கதை இந்த லிங்கில் இருக்கிறது. ஒரே ஒரு கேள்வி: இதை எந்த ஊரிலிருந்து படிக்கிறீர்கள்? இந்த மெயிலுக்கே பதில் போடலாம், நான்தான் படிப்பேன்."

எப்போது வரும், எதைப் பற்றி வரும், பதில் போட்டால் யார் படிப்பார்கள், மூன்றும் அதில் வந்துவிடுகின்றன. ஊரைக் கேட்பது சும்மா உபசாரத்துக்குத்தான் ஆரம்பித்தது, ஆனால் ஒரு வருடம் கழித்து பதில்களைப் புரட்டியபோது திருநெல்வேலியிலிருந்து மட்டும் பதினோரு பேர் இருந்தார்கள். அடுத்த புத்தகத்துக்கு அங்கே ஒரு சின்னச் சந்திப்பு வைத்தோம், பதினோரு பேரில் எட்டுப் பேர் வந்தார்கள், கூடவே அவர்கள் கூட்டி வந்தவர்கள்.

பிறகு எதைத்தான் எழுதுவது?

இங்கேதான் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுகிறார்கள். புத்தகம் வரும்போது மட்டும் எழுதுகிறவருடைய மடல், கல்யாணப் பத்திரிகை வைக்க மட்டும் வருகிற சொந்தக்காரரைப் போல. காலிங்பெல் சத்தம் கேட்டதுமே எதற்கு வந்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். புத்தகமே வராத பதினோரு மாதமும் எழுதியிருந்தால்தான் பன்னிரண்டாவது மாதம் "வாங்குங்கள்" என்று சொல்ல வாய் வரும்.

எழுத விஷயம் இல்லை என்பது பொய். உங்கள் மேஜையிலேயே கிடக்கிறது. ஒரு பாத்திரத்துக்கு ஏன் பெயரை மாற்றினீர்கள், 1970-களில் மதுரையில் எந்த நேரத்துக்குக் கடைசி டவுன்பஸ் என்று தேடிப்போனபோது யாரைச் சந்தித்தீர்கள், எந்தப் பத்தியை மனசே இல்லாமல் வெட்டினீர்கள். படிக்கிறவருக்கு இந்தச் சமையலறைச் சங்கதிகள் பிடிக்கும். ஒரு மடலுக்கு ஒரு விஷயம் போதும், ஐந்து விஷயத்தைத் திணித்தால் எதுவும் நிற்காது.

ஒழுங்காக வருவது, எல்லோரும் சேர்ந்து படிப்பது, இந்த இரண்டுக்கும் எவ்வளவு பலம் என்று காட்ட ஒரு நிஜ உதாரணம் உண்டு. பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' 1897-இல் வந்த நாவல், பெரும்பாலும் நாட்குறிப்புகளாகவும் கடிதங்களாகவும் எழுதப்பட்டது, ஒவ்வொன்றுக்கும் தேதி உண்டு. மே 3-இல் ஆரம்பித்து நவம்பர் வரை போகும். மேட் கர்க்லேண்ட் என்ற அமெரிக்கர் 2021-இல் ஒரு வேலை செய்தார். நாவலில் எந்தத் தேதியில் எது நடக்கிறதோ அதே தேதியில் அந்தப் பகுதியை மட்டும் மெயிலில் அனுப்பினார். நாவலில் ஒன்றும் நடக்காத நாளில் மெயிலும் வராது. 'டிராகுலா டெய்லி' என்று பெயர். மறு வருடம் டம்ப்ளர் என்ற சமூக ஊடகத் தளத்தில் அது பற்றிக்கொண்டது. கதாநாயகன் ஜோனத்தன் கோட்டையில் மாட்டிக்கொண்டு தவிக்க, "இன்னிக்கும் மெயில் வரலையே, ஆளுக்கு என்னாச்சு?" என்கிற ரீதியில் ஆயிரக்கணக்கானவர்கள் பேசிக்கொண்டார்கள். சந்தாதாரர்கள் இரண்டு லட்சத்தைத் தாண்டினார்கள். இத்தனைக்கும் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கக்கூடிய, நூற்றிருபது வருடத்துக்கும் மேல் பழைய நாவல். வாரப் பத்திரிகை வந்ததும் அக்காவின் கையிலிருந்து பிடுங்கித் தொடர்கதை படித்தவர்களுக்கு இதன் சூட்சுமத்தை விளக்க வேண்டியதில்லை.

அதற்காகத் தினமும் எழுதக் கிளம்பாதீர்கள். மாதம் ஒன்று என்று சொல்லிவிட்டு மாதம் ஒன்று அனுப்புவது, வாரம் ஒன்று என்று சொல்லிவிட்டு மூன்றாவது வாரம் காணாமல் போவதைவிட எவ்வளவோ மேல்.

தலைப்பு வரிக்கு வருகிறேன். "மார்ச் மாத மின்மடல் - இதழ் 7" என்று போட்டால் கரண்ட் பில் நினைவு வரும். அதே மடலுக்கு "அத்தையின் டிரங்குப் பெட்டியில் இருந்த கடிதம்" என்று போட்டுப் பாருங்கள். போன் திரையில் தலைப்பு பாதியில் வெட்டுப்படும், தமிழ் எழுத்துகள் அகலம் வேறு, அதனால் முக்கியமான சொல் முதல் மூன்று நான்கு சொற்களுக்குள் வந்துவிட வேண்டும். அனுப்புநர் பெயர் தலைப்பைவிட முக்கியம். அட்டையில் என்ன பெயரோ அதே பெயர், அதே எழுத்தில்.

தமிழில் அனுப்புகிறவர்களுக்கு மட்டும் ஒரு தனிச் சிக்கல் உண்டு, யாரும் சொல்லித் தராதது. ஒரு மெயில் 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் அதைப் பாதியில் வெட்டிவிட்டு "முழுவதையும் காண்க" என்று ஒரு லிங்க் மட்டும் காட்டும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். யூனிகோடில் தமிழுக்கு ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். 'தமிழ்' என்று எழுதினால் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, கணினிக்கு த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடு, ஆக 15 பைட். இதோடு சேவை தன் பங்குக்குச் சேர்க்கிற வடிவமைப்புச் சுமை வேறு. இரண்டாயிரத்து ஐந்நூறு சொல்லைத் தாண்டுகிற தமிழ் மடல் வெட்டுப்படும் அபாயத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டினால் என்ன என்கிறீர்களா? விலகுவதற்கான பொத்தான் மடலின் அடியில்தானே இருக்கும். அது கண்ணில் படாதவர் மேலே இருக்கிற ஸ்பேம் பொத்தானைத் தட்டுவார். நீண்ட கதை என்றால் முதல் பகுதியை மட்டும் மடலில் வைத்து மிச்சத்துக்கு லிங்க் கொடுங்கள்.

பதில் வர வைப்பது

"உங்கள் கருத்துகளைத் தெரிவியுங்கள்" என்று ஆறு மாதம் ஒவ்வொரு மடலின் முடிவிலும் எழுதினேன். வந்தவை இரண்டே பதில், அதில் ஒன்று என் மைத்துனர். ஏழாவது மாதம் ஒரு கதையில் வருகிற அம்மிக்கல்லைப் பற்றி எழுதிவிட்டு, கடைசியில் "உங்கள் வீட்டு அம்மியை என்ன செய்தீர்கள்?" என்று மட்டும் கேட்டேன். இரண்டே நாளில் இருபதுக்கு மேல் பதில்கள். மாடிப்படிக்கு முட்டுக்கொடுத்தவர், வாடகை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்ததை நினைத்து இன்னும் வருந்துகிறவர், கல்யாணத்தில் மெட்டி போடும்போது மிதிப்பதற்கென்றே வைத்திருக்கிறவர். கருத்து என்றால் பரீட்சை மாதிரி இருக்கிறது, அம்மி என்றால் எல்லோரிடமும் ஒரு கதை இருக்கிறது. அடுத்த மடலில் கேட்டு அனுமதி வாங்கி மூன்று பதில்களைப் போட்டேன், அதற்கும் பதில்கள் வந்தன.

எல்லாப் பதிலுக்கும் இரண்டு வரியாவது திருப்பி எழுதுங்கள். நூறு பேர் இருக்கும்போது இது முடியும், பத்தாயிரம் பேர் ஆனால் முடியாது, அதனால் முடிகிற காலத்தை வீணாக்க வேண்டாம். இதில் ஒரு தொழில்நுட்ப லாபமும் உண்டு. இருபுறமும் கடிதம் போய்வருகிற முகவரியை மெயில் சேவைகள் தெரிந்தவராக நடத்த வாய்ப்பு அதிகம், ஜிமெயிலின் விளம்பரத் தட்டில் போய் விழாமல் இன்பாக்ஸுக்கே வரலாம். பதில் அனுப்ப முடியாத முகவரியிலிருந்து மட்டும் மடல் போடாதீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னல் வழியாக நோட்டீஸ் வீசுகிற வேலை அது.

எண்களைப் பற்றிக் கேட்பீர்கள். எத்தனை பேர் திறந்தார்கள் என்று ஒரு சதவீதம் காட்டும். மடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு குட்டிப் படத்தை வைத்து, அது ஏற்றப்படுகிறதா என்று பார்த்துச் சொல்கிற கணக்கு அது. 2021-இல் ஆப்பிள் தன் மெயில் செயலியில், வாசகர் திறந்தாலும் திறக்காவிட்டாலும் அந்தப் படங்களை முன்கூட்டியே ஏற்றிவிடும் வசதியைக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து அந்தச் சதவீதத்தைப் பாதி வதந்தியாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். நான் பார்ப்பது இரண்டைத்தான்: எத்தனை பேர் பதில் போட்டார்கள், எத்தனை பேர் லிங்கைத் தட்டினார்கள்.

விலகுகிறவர்கள் இருப்பார்கள். ஒவ்வொரு மடலுக்கும் ஒன்றிரண்டு பேர், சில சமயம் நேரில் பழக்கமானவர்களே. ஆரம்பத்தில் யார் என்று பெயரைத் தேடிப் பார்த்து மனசுக்குள் கறுவிக்கொண்டு இருந்தேன், இப்போது அந்த அறிவிப்பையே அணைத்து வைத்துவிட்டேன். ஒரு வருடமாக எதையும் தொடாதவர்களுக்கு "இன்னும் அனுப்பட்டுமா?" என்று ஒரு மெயில் போட்டு, பதில் இல்லையென்றால் நீங்களே எடுத்துவிடுவதும் நல்லதுதான்.

அந்த நண்பர் கதைக்கு வருகிறேன். போன மாதம் அவருடைய முதல் மடல் போனது, முப்பத்தெட்டுப் பேருக்கு. கூட்டத்தில் கையைப் பிடித்துக் கேட்ட வாசகர் அந்தப் பட்டியலில் முதல் பெயர். மூன்று பதில் வந்ததாம். ஒன்று வாழ்த்து. ஒன்று, வராமல் போன அத்தியாயத்தை ஏன் எடுத்தீர்கள் என்று சண்டை. மூன்றாவது, 112-ஆம் பக்கத்தில் செத்துப்போன தாத்தா 140-ஆம் பக்கத்தில் காபி குடிக்கிறாரே என்று. எழுதியவரும் கவனிக்கவில்லை, பிழை பார்த்தவரும் கவனிக்கவில்லை, நானும் இரண்டு முறை படித்தேன். இப்போது மறுபதிப்புக்கு அந்தப் பக்கத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறார், அடுத்த மடலுக்கும் விஷயம் கிடைத்துவிட்டது.